நெருஞ்சி முள் செடியின் எந்த உறுப்பு?

கேள்வி (செப்டம்பர் 3)

சிறுநெருஞ்சியின் முள் தண்டிலிருந்து வருவதா, இலையிலிருந்து வருவதா? மஞ்சள் பூ நிறைந்திருக்கும் செடியைப் புரட்டிப் பார்த்தால் முள் தென்படவில்லை. முள் குத்தும் இடத்தில் குனிந்து பார்த்தால் பூ இருப்பதில்லை. இரண்டும் ஒரே செடிதானா? கருவேல முள், எலுமிச்சை முள் போல இதுவும் ஒருவகை முள்தான் என்பது என் எண்ணம்.

செப்டம்பர் 3, இரவு

ஒரே செடிதான். ஆனால் நெருஞ்சியின் தண்டிலும் முள் இல்லை, இலையிலும் முள் இல்லை. காலிலிருந்து பிடுங்கி எறிகிறோமே, அது அந்த மஞ்சள் பூவின் காய். முற்றிக் காய்ந்து உடைந்த காயின் ஒரு கூறு.

முள் என்று தமிழில் ஒரே சொல்லால் வழங்கும் பொருள்கள் செடியின் வெவ்வேறு உறுப்புகளிலிருந்து பிறக்கின்றன. கருவேலிலும் வெள்வேலிலும் இலைக்காம்பின் அடியில் இரண்டிரண்டாக நிற்கும் முட்கள் இலையடிச் செதில்கள் மாறி உருவானவை. எலுமிச்சையின் முள் இலைக்கோணத்தில் கிளை வளர வேண்டிய இடத்தில் தோன்றுவது. ரோஜாவின் முள்ளோ மேல்தோலின் புடைப்பு மட்டுமே. அதனால்தான் விரலால் பக்கவாட்டில் தள்ளினால் தோலோடு பெயர்ந்து வருகிறது. நெருஞ்சியின் முள் இந்த மூன்றிலும் சேராது. அது சூற்பையின் சுவரிலிருந்து நீண்டு வளர்வது. பூவுக்கு முன்னால் அந்த முள்ளுக்கு இருப்பே இல்லை.

செப்டம்பர் 4

நேற்று எழுதியது நூலறிவாக மட்டும் நின்றுவிடக் கூடாது என்பதால் இன்று காலை எங்கள் கொரங்காட்டுக்குச் சென்று ஒரு செடியை முழுதாகப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். தாராபுரம், காங்கயம் பக்கத்து மேய்ச்சல் நிலத்தை அறியாதவர்களுக்காக ஒரு சொல்: கிளுவை வேலி சூழ, உள்ளே கொழுக்கட்டைப்புல்லும் ஆங்காங்கே வெள்வேல மரங்களும் நிற்கும் நிலம் அது. ஆண்டுக்குச் சுமார் 600 மி.மீ. மழையே பெறும். ஏர் எப்போதாவதுதான் படும், ஆடுமாடுகள் எப்போதும் மேயும்.

புல் அடர்ந்து நிற்கும் நடுப்பகுதியில் நெருஞ்சி ஏறக்குறைய இல்லை. படலை ஒட்டி, மாடுகள் நுழைந்து வெளியேறி மண் மிதிபட்ட இடத்திலும், ஆட்டுப்பட்டி போட்டு எடுத்த இடத்திலும்தான் பாய் விரித்தாற்போல் கிடக்கிறது. ஒரே ஆணிவேர். அதன் தலையிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் தண்டுகள் நாற்புறமும் தரையோடு ஓடுகின்றன. மிக நீண்ட தண்டு என் கையால் நான்கு சாண் இருந்தது. வேலியோரத்தில் புல்லுக்குள் சிக்கி நிழலில் வளர்ந்த ஒரு செடி மட்டும் தண்டுகளை மேல்நோக்கி நிமிர்த்தியிருந்தது. படர்வது அதன் மாறாத இயல்பு என்று எண்ணியிருந்த எனக்கு இது புதிது. வெளிச்சம் தடையின்றிக் கிடைக்கும்போதுதான் அது படுக்கிறது.

இலைகள் எதிரெதிரே இரண்டிரண்டாக நிற்கின்றன. புளியிலையைச் சிறிதாக்கியதுபோன்ற கூட்டிலை. ஆனால் ஒவ்வொரு சோடியிலும் ஓர் இலை பெரிது, மற்றது சிறிது. அடுத்த கணுவில் பக்கம் மாறி, பெரியது இருந்த பக்கத்தில் சிறியது வருகிறது. நான் பார்த்த தண்டுகளில் எல்லாம் பூக்காம்பு சிறிய இலையின் கோணத்திலிருந்தே எழுந்தது. கீழ்ப்புறத்து வெண்மயிர் வெயிலில் வெள்ளிபோல் மின்னுகிறது.

செப்டம்பர் 4, மாலை

பூவைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். ஐந்து புல்லிகள், ஐந்து மஞ்சள் இதழ்கள், பத்து மகரந்தத்தாள்கள், நடுவில் மயிரடர்ந்த ஐந்தறைச் சூற்பை. அகலம் ஏறக்குறைய ஒரு செ.மீ. இந்த ஐந்து என்னும் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காய் அதே கணக்கில்தான் உடைகிறது.

செப்டம்பர் 6

பூவிலிருந்து முள் வரை ஒரே தண்டில் பார்க்க முடியும் என்று கேள்வி கேட்டவருக்குச் சொல்ல விரும்புகிறேன். தண்டின் நுனியில் மொட்டு. அதற்குப் பின்னால் இன்றைய பூ. அதற்கும் பின்னால் இதழ் உதிர்ந்த பச்சைப் பிஞ்சு. வேரை நோக்கி நகர நகரக் காய் முற்றிக்கொண்டே போகிறது. பச்சைப் பிஞ்சில் முட்கள் மென்மையான கொம்புகளாக இருக்கின்றன, நகத்தால் வளைக்கலாம். இரண்டு கணு தள்ளி அதே கொம்பு விரலைக் குத்துகிறது. முழுதும் முற்றியது கை பட்டவுடன் ஐந்து கூறாகப் பிரிந்து உதிர்கிறது.

பூவும் முள்ளும் சேர்ந்து தென்படவில்லை என்று அவர் சொன்னதற்குக் காரணம் இதுதான். செடி பசுமையாய்ப் பூத்திருக்கும்போது முள் இன்னும் பச்சைக் காய். முள் குத்தும் காலத்தில் தாய்ச்செடி காய்ந்து காற்றோடு போயிருக்கும்.

செப்டம்பர் 7

குறுந்தொகையின் 202ஆம் பாட்டு, அள்ளூர் நன்முல்லை பாடியது, பலரும் அறிந்ததே. அதில் வரும் இரண்டு அடிகளை மட்டும் செடியின் பக்கத்தில் அமர்ந்து படித்துப் பார்த்தேன்:

"புன்புலத்து அமன்ற சிறியிலை நெருஞ்சிக்
கட்கின் புதுமலர் முட்பயந் தாஅங்கு"

இனிமை செய்த காதலர் இன்னாமை செய்ததற்கு உவமை என்ற அளவில் பள்ளியில் படித்து முடித்துவிட்டோம். செடியைக் கூர்ந்து பார்த்தவருக்கு இதில் ஒரு சொல்லும் அலங்காரத்துக்காக வரவில்லை என்பது புலப்படும். புன்புலம் அதன் வாழிடம். அமன்ற என்பது அது நெருங்கிப் படரும் முறை. சிறியிலை கண்ணுக்கு முதலில் படும் அடையாளம். ஒவ்வொரு பூவும் ஒரே நாள் வாழ்வதால் காலையில் காண்பது எப்போதுமே புதுமலர்தான். எல்லாவற்றுக்கும் மேலாக "பயந்து" என்ற சொல். மலருக்கு அருகில் முள் இருந்தது என்று புலவர் சொல்லவில்லை, மலர் முள்ளைப் பெற்றது என்கிறார். நான் மூன்றாம் தேதி ஒரு பத்தி முழுவதும் விளக்கியதை அவர் ஒரு சொல்லில் வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 7, இரவு

நண்பர் ஒருவர் குறளை நினைவூட்டியிருக்கிறார். 1120ஆம் குறள்: "அனிச்சமும் அன்னத்தின் தூவியும் மாதர் / அடிக்கு நெருஞ்சிப் பழம்." முள் என்று சொல்லியிருக்கலாம், வள்ளுவர் பழம் என்கிறார். எதுகைக்காகவோ தளைக்காகவோ வந்த சொல் என்று நான் இளமையில் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். காலில் தைப்பது பழம் என்பது உண்மையிலேயே சரி.

செப்டம்பர் 9

"பழம் என்றால் சதையும் சாறும் வேண்டாமா" என்ற மறுப்பு நியாயமானது, ஆனால் அது சமையலறைக் கணக்கு. தாவரவியலில் சூற்பை முதிர்ந்து எதுவாக ஆனாலும் அது கனி. நாம் விதை என்று சொல்லி வாங்கும் கொத்தமல்லியும் ஒரு கனியே. அதை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் இரண்டு பாதியாகப் பிரிகிறதல்லவா? ஆமணக்குக் காய் மூன்றாகப் பிரிகிறது. நெருஞ்சி ஐந்தாகப் பிரிகிறது. உலர்ந்து கூறுகளாகப் பிளவுபடும் இத்தகைய கனியைப் பிளவுக்கனி என்கிறோம். கொத்தமல்லியைப்போலவே நெருஞ்சியின் கூறும் திறந்து விதையை வெளியே விடுவதில்லை. விதையை உள்ளே பூட்டியபடியே பயணம் செய்கிறது.

ஒவ்வொரு கூறும் ஒரு விதையைக் கொண்டிருக்கும்.

செப்டம்பர் 10

நேற்றைய கடைசி வரி தவறு. அதை அழிக்காமல் விட்டு, இங்கே திருத்துகிறேன்.

ஒரு கூற்றை எடுத்து அம்மிக்கல்லின் ஓரத்தில் நீளவாக்கில் பொறுமையாகத் தேய்த்தேன். மரக்கட்டைபோல் கடினம், கால்மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சிறு அறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு வெளிறிய விதை. மூன்றும் ஒரே அளவில் இல்லை. ஒன்று தெளிவாகப் பெரியது. பிறகு நூல்களைப் பார்த்தபோது ஒரு கூற்றில் ஒன்று முதல் நான்கு அல்லது ஐந்து வரை விதைகள் இருக்கலாம் என்றும், பெரிய விதை முதலில் முளைக்க, மற்றவை உறக்கத்தில் தங்கிப் பிந்தைய மழைகளுக்குக் காத்திருக்கும் என்றும் கண்டேன். மழை பொய்க்கும் நிலத்தில் எல்லா விதையையும் ஒரே மழையை நம்பி முளைக்கவிட்டால், அந்த மழை பத்து நாளில் நின்றுவிடும் ஆண்டில் அந்தக் குடும்பமே அழிந்துவிடும்.

மாட்டுக்கொட்டகையில் பழைய டயர் செருப்பு ஒன்று கிடக்கிறது. அதன் அடியில் சென்ற ஆண்டுக் கூறுகள் பல தைத்திருக்கின்றன. குறட்டால் ஐந்தைப் பிடுங்கி, எண்ணிட்ட ஐந்து தொட்டிகளில் ஒவ்வொன்றாகப் புதைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 14

யானை நெருஞ்சியும் இதுவும் ஒன்றின் சிறிய பெரிய வடிவங்களா என்று கேட்டவருக்கு: இல்லை. பெயரால் மட்டுமே உறவு. சிறுநெருஞ்சி, லின்னேயஸ் 1753இல் திரிபுலஸ் டெரெஸ்டிரிஸ் என்று பெயரிட்ட செடி. அதன் குடும்பம் சைகோஃபில்லேசி. யானை நெருஞ்சி பெடாலியம் மியூரெக்ஸ்; அது எள்ளின் குடும்பம். அதன் பூவும் மஞ்சள்தான், ஆனால் எள்ளுப் பூவைப்போல் குழல் வடிவம். இலை கூட்டிலை அன்று, ஓரம் நெளிந்த தனியிலை. காய் ஐந்தாகப் பிரியாது. அடியில் நான்கு முள் நிற்க முழுதாகவே உதிரும். பச்சைக் கொழுந்தைத் தண்ணீரில் இட்டுச் சுழற்றினால் தண்ணீர் விளக்கெண்ணெய்போல் கெட்டியாகிவிடும். சிறுநெருஞ்சியில் அது நடவாது. மருந்துக்கு வாங்குவோர் இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தசமூலத்தில் சேரும் பத்து வேர்களில் ஒன்று சிறுநெருஞ்சியின் வேர்.

உறவே இல்லாத இரண்டு செடிகள், வறண்ட நிலத்தில் கடந்துபோகும் விலங்கின் காலை நம்பி, தனித்தனியே முள்காயை உருவாக்கிக்கொண்டன. எனக்கு இது ஒப்புமையைவிடப் பெரிய செய்தியாகத் தோன்றுகிறது.

செப்டம்பர் 21

நெருஞ்சிப் பூ சூரியனோடு திரும்புமா என்ற கேள்விக்கு ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

புறநானூறு 155இல் மோசிகீரனார், "பாழூர் நெருஞ்சிப் பசலை வான்பூ / ஏர்தரு சுடரின் எதிர்கொண் டாஅங்கு" என்கிறார். எழுகின்ற சூரியனை எதிர்கொள்வது அது. அகநானூறோ "சுடரொடு திரிதரும் நெருஞ்சி" என்று ஒருபடி மேலே போகிறது. எதிர்கொள்வதும் உடன்திரிவதும் ஒன்றல்ல.

படலோரத்துச் செடியில் ஒவ்வொரு காலையும் சில பூக்களைத் தேர்ந்து, பூ நோக்கும் திசையில் ஈர்க்குச்சி நட்டுக் குறித்தேன். வெயில் ஏறும் வேளையில் விரியும் பூக்களில் பெரும்பாலானவை கிழக்கு நோக்கிச் சாய்ந்திருந்தன. உச்சிவேளை நெருங்கும்போது முகம் வானத்தைப் பார்த்தது. ஈர்க்குச்சியிலிருந்து விலகல் கண்ணுக்குத் தெரிந்தது. ஆகவே அசைவு உண்டு. ஆனால் பிற்பகலில் இதழ்கள் குவியத் தொடங்கிவிட்டன. மேற்கை முழுதாக நோக்கி நின்ற விரிந்த பூ ஒன்றைக்கூட நான் காணவில்லை. எங்கள் காட்டில் நான் கண்டவரை மோசிகீரனாரின் சொல்லே கூடுதல் பொருத்தம். அகநானூற்றின் சொல் அரைநாளுக்குப் பொருந்தும்.

"பாழூர்" என்ற அடைமொழியையும் விட்டுவிடக் கூடாது. மக்கள் விட்டுச்சென்ற ஊர் என்றால், மிதிபட்டு, கிளறப்பட்டு, பின்பு புல் மூடாமல் கிடக்கும் மண். நான்காம் தேதி படலருகே நான் கண்ட அதே வாழிடம்.

செப்டம்பர் 22

பூ குவிவது வாடுவதற்கான அடையாளம் மட்டுமன்று என்பதை நேற்று சேர்த்திருக்க வேண்டும். குவியும்போது மகரந்தத்தாள்கள் சூலகமுடியோடு நெருக்கப்படுகின்றன. காலையில் கொசுத்தேனீயோ வேறு பூச்சியோ வந்து அயல் மகரந்தம் தந்திருந்தால் நன்று. எதுவும் வராத நாளில் பூ தன் மகரந்தத்தையே ஏற்றுச் சூல்கொள்கிறது. பூத்த பூவெல்லாம் காயாகும் தோற்றத்துக்கு இதுவே காரணம். தன்னந்தனியாக ஒரு செடி முளைத்தாலும் அங்கே அடுத்த ஆண்டு முள் உண்டு.

செப்டம்பர் 30

நண்பகல் வெயிலில் கொத்தவரைச் செடியின் இலைகூடத் துவளும்போது இது எப்படிப் பசுமையாய் நிற்கிறது என்று கேட்கப்பட்டது. ஆணிவேர் ஒரு காரணம். மற்றொன்று இலைக்குள் இருக்கிறது. நெருஞ்சி சி–4 முறையில் ஒளிச்சேர்க்கை செய்யும் செடி. மக்காச்சோளம், கரும்பு, எங்கள் கொழுக்கட்டைப்புல் ஆகியவை கையாளும் அதே முறை. கரியமில வாயுவை ஒரு திசுவில் பிடித்து, நரம்பைச் சூழ்ந்த மற்றொரு திசுவில் செறிவாக்கிப் பயன்படுத்துவதால், இலைத்துளைகளை அதிகம் திறக்காமலே வேலை நடக்கிறது, நீர் மிச்சமாகிறது. புற்களில் இது பரவலானது. இருவித்திலைச் செடிகளில் குறைவு. நெருஞ்சி அந்தக் குறைவான கூட்டத்தைச் சேர்ந்தது.

அக்டோபர் 8

முள் எதற்காக என்ற கேள்வியில் நான் இதுவரை பரவுதலை மட்டுமே சொல்லி வந்தேன். பாதுகாப்பும் உண்டு என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று மிகத் தொலைவிலிருந்து வருகிறது.

பசிபிக் கடலில் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னே மேஜர் என்ற சிறு தீவு இருக்கிறது. அங்கே பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர் 1973 முதல் தரைக் குருவிகளை ஆண்டுதோறும் அளந்து வந்தனர். அங்கே வளர்வது நம் நெருஞ்சியின் நெருங்கிய உறவான திரிபுலஸ் சிஸ்டாய்டெஸ். 1977இல் மழை பொய்த்தது. சிறிய மெல்லிய விதைகளைக் குருவிகள் விரைவில் தின்று தீர்த்தன. எஞ்சியவற்றில் முக்கியமானது நெருஞ்சியின் கடினமான கூறு. அதை உடைக்கும் வலிமை பருத்த அலகுக்கே இருந்தது. சிற்றலகுக் குருவிகள் பெருமளவில் மடிந்தன. பிழைத்தவற்றின் குஞ்சுகளில் சராசரி அலகுப் பருமன் முந்தையதைவிடக் கூடியிருந்தது. இயற்கைத் தேர்வு ஒரே பஞ்சத்தில் அளவுகோலில் பதிவான நிகழ்வு அது. அம்மியில் கால்மணி நேரம் தேய்த்த பிறகு, அந்தக் குருவியின் அலகை மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 9

நேற்று ஒரு நண்பர், "அப்படியானால் அந்த ஓட்டை உடைக்க இயலாத உயிர் எப்படி உண்ணும்" என்று கேட்டார். ஓடு இறுகுவதற்கு முன்பே உள்ளே புகுந்துவிடும். இன்று பொறுக்கிய கூறுகளில் இரண்டில் ஊசிமுனை அளவு வட்டத் துளை இருந்தது. ஒன்றில் விதையறைகள் வெறுமையாக இருந்தன, மற்றொன்றில் கூன்வண்டின் கூட்டுப்புழு கிடந்தது. இவ்வகையில் நெருஞ்சியைச் சார்ந்தே வாழும் இரண்டு கூன்வண்டுகளை, ஒன்று விதையைத் தின்பது, மற்றது தண்டைக் குடைவது, அமெரிக்காவில் 1961இல் கொண்டுசென்று விட்டார்கள். அங்கே நெருஞ்சி வந்தேறிய களை. இங்கே அது மண்ணின் செடி. அதன் பகையும் அதனோடு சேர்ந்தே இங்கு வாழ்கிறது.

அக்டோபர் 17

ஆடுகளுக்கு இது தீங்கா? மேய்ப்பவர்களிடம் விசாரித்தேன். இளஞ்செடியை ஆடுகள் விரும்பித் தின்னும் என்றும், காய் இறுகியதும் தாமாகவே ஒதுக்கிவிடும் என்றும் சொன்னார்கள். எங்கள் பகுதியில் நோய் எதையும் அவர்கள் இதனோடு சேர்த்துச் சொல்லவில்லை. ஆனால் தென்னாப்பிரிக்காவின் வறண்ட கரூ நிலத்தில் இதை மிகுதியாக மேய்ந்த செம்மறிகளுக்குத் தலை வீங்கி மஞ்சள் பாரிக்கும் கொடிய நோய் வருகிறது. செடியிலுள்ள சப்போனின்களும் ஒருவகைப் பூஞ்சையின் நஞ்சும் சேர்ந்து கல்லீரலைத் தாக்குகின்றன. பச்சையத்தின் சிதைபொருள் உடலைவிட்டு நீங்காமல் இரத்தத்தில் தங்க, வெயில் பட்ட தோல் வெந்து போகிறது. ஆகவே, பட்டினியோடு இருக்கும் ஆட்டை நெருஞ்சி மட்டுமே பசுமையாக உள்ள இடத்தில் நாள்கணக்கில் அடைத்து மேய்க்க வேண்டாம் என்பது என் கருத்து.

அக்டோபர் 26

மழை. நான்கு நாள்களாக நன்றாகப் பெய்தது. தொட்டிகள் 1, 3, 4 ஆகியவற்றில் ஒவ்வொரு முளை. 3ஆம் எண்ணுள்ளதை ஒருபக்கம் மண் விலக்கிப் பார்த்தேன்: வேர் கூற்றின் ஓட்டைத் துளைத்துக் கீழே இறங்கியிருந்தது. முட்கள் மண்ணைப் பற்றிக்கொண்டிருந்ததால் கூறு சிறிதும் பெயரவில்லை. காலில் தைக்கும் அதே முள், மண்ணில் நங்கூரமாகவும் நிற்கிறது. இதை எந்த நூலிலிருந்தும் எடுத்து எழுதவில்லை, என் கண்ணால் கண்டது. வேறு யாராவது தொட்டியில் செய்து பார்த்துச் சொன்னால் மகிழ்வேன்.

டிசம்பர் 12

தொட்டிச் செடிகள் மூன்றும் பூத்துக் காய்த்துவிட்டன. 3ஆம் தொட்டிச் செடியை வேரோடு வெட்டி எடுத்துவிட்டு, பழைய கூறு மட்டும் மண்ணிலேயே இருக்கும்படி விட்டிருக்கிறேன். புதிய காய் எதுவும் அதில் உதிராதபடி முன்பே கொய்துவிட்டேன். தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்திவிட்டேன்.

மே 19

கோடை மழை இரண்டு முறை பெய்தது. 3ஆம் தொட்டியில் இன்று காலை ஒரு முளை. மண்ணை விலக்கினேன். அதே கூறு, முந்தைய வேர் துளைத்த ஓட்டை அப்படியே இருக்கிறது, அதற்குச் சற்று மேலே அடுத்த அறையிலிருந்து புதிய வேர் இறங்கியிருக்கிறது. செருப்பிலிருந்து பிடுங்கிப் புதைத்து எட்டு மாதம் ஆகிறது. அம்மியில் தேய்த்த கூற்றில் மூன்று அறைகள் இருந்தன. இதில் எத்தனை என்று உடைத்துப் பார்க்கப்போவதில்லை. மண்ணை மறுபடி மூடிவிட்டேன்.